எட்டாவது சர்வரை மறந்தார்கள்... 46 கோடி டாலர் போனது!

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. காலை 9.30 மணிக்கு நியூயார்க் பங்குச்சந்தையில் மணி அடித்தது. வர்த்தகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஏதோ சரியில்லை என்பது சந்தையில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பல பங்குகளின் விலை காரணமே இல்லாமல் ஏறியது, இறங்கியது. ஒரே நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களிலிருந்து ஆர்டர்கள் அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

அந்த நிறுவனத்தின் பெயர் நைட் கேப்பிட்டல். 1995-ல் தொடங்கி, 17 ஆண்டுகளில் அமெரிக்கப் பங்கு வர்த்தகத்தின் முன்வரிசைக்கு வந்த நிறுவனம். நியூயார்க், நாஸ்டாக் ஆகிய இரண்டு சந்தைகளிலும் அதன் பங்கு சுமார் 17 சதவீதம்.

அடுத்த 45 நிமிடங்களில் நைட் கேப்பிட்டலின் மென்பொருள் 154 நிறுவனங்களின் 39.7 கோடி பங்குகளை வாங்கி விற்றது. மொத்தம் 40 லட்சம் பரிவர்த்தனைகள். கணக்குப் பார்த்தபோது 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர்!

இதில் ஹேக்கர் யாரும் இல்லை. திருட்டும் இல்லை. எட்டு சர்வர்களில் போட வேண்டிய புது மென்பொருளை ஏழு சர்வர்களில் மட்டும் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளையோ மருமகளோ இருந்தால், 'இன்னிக்கு ரிலீஸ் இருக்கு, சாப்பிட லேட் ஆகும்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும். அந்த 'ரிலீஸ்' ஏன் இவ்வளவு பதற்றம் தருகிறது, வளர்கிற நிறுவனங்கள் அதை எப்படிப் பதற்றமில்லாத வேலையாக மாற்றுகின்றன என்பதற்கு நைட் கேப்பிட்டலின் கதையே நல்ல பாடம்.

தூங்கிக்கொண்டிருந்த புரோகிராம்

அந்த ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க் பங்குச்சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதில் பங்கேற்க நைட் கேப்பிட்டல் தன் மென்பொருளில் மாற்றம் செய்தது. ஜூலை 27 முதல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக சர்வர்களில் ஏற்றினார்கள். ஏற்றியவர் ஒரு ஊழியர். எட்டாவது சர்வரில் அதை நகலெடுக்க அவர் விட்டுவிட்டார். இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியும் அங்கே இல்லை.

சரி, ஒரு சர்வரில் பழைய மென்பொருள் இருந்தால் என்ன? பழைய மாதிரியே வேலை செய்துவிட்டுப் போகட்டுமே!

இங்கேதான் சிக்கல். அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்குள் 'பவர் பெக்' என்ற பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அழிக்கவில்லை. மூலையில் போட்ட பழைய மிக்ஸி போல அது அப்படியே கிடந்தது. அதை இயக்குவதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. புதிய மென்பொருளை எழுதியவர்கள் அதே ஸ்விட்ச்சைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏழு சர்வர்களில் ஸ்விட்ச்சைப் போட்டால் புதிய வேலை நடக்கும். எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிய பவர் பெக் எழுந்துவிடும்.

எழுந்த பவர் பெக்குக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒரு பெரிய ஆர்டர் வந்தால் அதைச் சின்னச் சின்ன ஆர்டர்களாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. 'கேட்ட அளவு வாங்கியாச்சு, போதும்' என்று எண்ணிச் சொல்லும் பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பந்தியில் பத்து இட்லி போதும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், பரிமாறுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பாரே, அந்தக் கதைதான். வாடிக்கையாளர்கள் அனுப்பிய வெறும் 212 ஆர்டர்களுக்குத்தான் அந்த மென்பொருள் லட்சக்கணக்கான ஆர்டர்களை அனுப்பியது.

97 இமெயில்கள்

அன்று காலை 8 மணி தாண்டியதிலிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 இமெயில்கள் தானாகவே ஊழியர்களுக்குப் போயின. ஒவ்வொன்றிலும் பவர் பெக்கின் பெயர் இருந்தது. அவசரச் செய்தி என்று வடிவமைக்கப்பட்ட இமெயில்கள் அல்ல அவை. அதனால் அவற்றைத் திறந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. வீணானது.

சந்தை திறந்து பணம் கரையத் தொடங்கியதும் பதறிப்போய் ஒரு முடிவெடுத்தார்கள். புதிய மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, அதை ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். விளைவு? சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சர்வர்களிலும் பவர் பெக் எழுந்தது. எரிகிற அடுப்பை அணைக்கப் போய், மற்ற அடுப்புகளையும் பற்றவைத்த மாதிரி.

சில நாட்களில் வெளி முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டு நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அது கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. நைட் கேப்பிட்டல் என்ற தனி நிறுவனம் அத்தோடு முடிந்தது.

ஆள் கூடினால் வேலை குறையுமா?

இவ்வளவு பெரிய நிறுவனத்தில் இப்படி நடக்குமா என்று தோன்றும். உண்மையில், பெரிதாகும்போதுதான் இப்படி நடக்கும்.

நான்கு பேர் இருக்கும் சின்ன நிறுவனத்தில் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். எந்த சர்வரில் என்ன இருக்கிறது, எந்த புரோகிராமைத் தொடக் கூடாது என்பதெல்லாம் மனப்பாடம். எழுதிவைக்கத் தேவையில்லை. பக்கத்து நாற்காலியில் கேட்டால் போதும். நாற்பது பேரான பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தால், தெரிந்தவர் லீவில் இருப்பார், அல்லது வேலையை விட்டே போயிருப்பார்.

வீட்டில் அம்மா ஒருவரே வைக்கும் சாம்பாரில் உப்பு தப்பாது. கல்யாண வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து சமைத்தால், 'உப்பு போட்டாச்சா?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேரும் போடுவார்கள், அல்லது ஒருவரும் போட மாட்டார்கள்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் ஃபிரெட் புரூக்ஸ். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் 'ஓ.எஸ்/360' என்ற மாபெரும் மென்பொருள் திட்டத்தை நடத்தியவர். உச்ச நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். அப்படியும் தாமதமானது. அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் 'தி மிதிக்கல் மேன்-மன்த்' என்ற புத்தகத்தை எழுதினார். ஏற்கெனவே தாமதமாகும் மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்டு சொன்ன விதி. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவர்களின் நேரம் போகும். பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் பெருகும்.

நான்கு பேருக்குள் 6 ஜோடிகள். பத்துப் பேருக்குள் 45. ஐம்பது பேருக்குள் 1,225! ஆள் பன்னிரண்டு மடங்கு கூடினால், பேச்சு இருநூறு மடங்கு கூடுகிறது. இத்தனை பேச்சையும் மீட்டிங் போட்டுப் பேசித் தீர்க்க முடியாது. தலைக்குள் இருப்பதை எழுத்துக்கும், எழுத்தில் இருப்பதை இயந்திரத்துக்கும் மாற்றினால்தான் சமாளிக்கலாம். மென்பொருள் துறையில் 'ப்ராசஸ்' என்று சொல்வது இதைத்தான்.

என்ன செய்கிறார்கள்?

நைட் கேப்பிட்டலின் ஒவ்வொரு ஓட்டைக்கும் இன்று ஒரு நடைமுறை இருக்கிறது.

முதலாவது, இரண்டாவது ஜோடிக் கண்கள். ஒருவர் எழுதிய கோடிங்கை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே அது உள்ளே போகும். இதற்குப் பெயர் 'கோட் ரிவ்யூ'. எழுதியவருக்குக் கண்ணில் படாதது பக்கத்து ஆளுக்கு உடனே படும்.

இரண்டாவது, தானியங்கி சோதனை. ஒரு வரியை மாற்றினாலும், பழைய வேலைகளெல்லாம் இன்னும் சரியாக நடக்கின்றனவா என்று கம்ப்யூட்டரே ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கும். 2005-ல் 'போதும்' சொல்லும் பகுதியை நகர்த்தியபோது இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால், அன்றே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

மூன்றாவது, கையால் ஏற்றாமல் இயந்திரத்தால் ஏற்றுவது. எட்டு சர்வர் என்றால் எட்டிலும் போய்விட்டதா என்று அதுவே சரிபார்க்கும். ஒன்றில் போகவில்லை என்றால் வேலையை நிறுத்திச் சொல்லும். அதற்குத் தூக்கமும் வராது, கவனமும் சிதறாது.

நான்காவது, 'கேனரி' முறை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டில் எடுத்துப் போவார்கள். விஷவாயு இருந்தால் மனிதர்களுக்கு முன்பே அது சோர்ந்து விழும். தொழிலாளர்கள் வெளியே ஓடிவிடுவார்கள். மென்பொருளிலும் அப்படியே. புதியதை முதலில் மிகச் சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள். கோளாறு இல்லையென்றால்தான் மற்றவர்களுக்கு. செல்போனில் ஓர் ஆப்பின் புதிய வசதி பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்து, நமக்கு இரண்டு வாரம் கழித்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது, யார் வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய கயிறு. இந்த எண்ணம் ஜப்பானிலிருந்து வந்தது. சாகிச்சி டொயோடா என்பவர் நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை உருவாக்கினார். அறுந்த நூலோடு நூறு கஜம் துணி நெய்வதைவிட, நிறுத்திவிட்டு முடிச்சுப் போடுவது மேல் என்பது கணக்கு. அவர் குடும்பம் பின்னர் தொடங்கிய டொயோட்டா கார் ஆலைகளில், கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை அழைக்கலாம். உடனே சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசை நிற்கும். நைட் கேப்பிட்டலில் 97 இமெயில் வந்தது. இழுக்க ஒரு கயிறு இல்லை. எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவர் யார், எதை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அவசரத்தில் பழையபடி மாற்றுவது எப்படி என்பதையும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கையெழுத்து கூடினால் பாதுகாப்பா?

ஒரு தவறு நடந்ததும் பல நிறுவனங்கள் செய்யும் முதல் வேலை, இன்னொரு மேலதிகாரியின் கையெழுத்தைக் கட்டாயமாக்குவது. ஃபைல் மேஜை மேஜையாக நகரும். மாதம் ஒருமுறை ரிலீஸ் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகும். பாதுகாப்பு கூடியது போலத் தோன்றும்.

ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகிய மூவரும் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மென்பொருள் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு, 2018-ல் 'ஆக்ஸிலரேட்' என்ற நூலில் முடிவுகளை வெளியிட்டார்கள். டீமுக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரியோ குழுவோ அனுமதி தர வேண்டும் என்ற ஏற்பாடு வேலையை மெதுவாக்கியதே தவிர, கோளாறுகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அடிக்கடி ரிலீஸ் செய்யும் டீம்களே நிலையாகவும் இருந்தன.

யோசித்தால் புரியும். மூன்று மாத மாற்றங்களை மூட்டை கட்டி ஒரே நாளில் இறக்கினால், எது கெடுத்தது என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடும் வேலை. தினமும் ஒரு சின்ன மாற்றம் என்றால், கெட்டதும் தெரியும், நேற்று மாற்றியது எது என்பதும் தெரியும்.

மூன்று கை ஸ்வெட்டர்

இத்தனை நடைமுறைகளும் ஒரு விஷயம் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. தவறு செய்தவர் அதைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 2005-ல் தொடங்கப்பட்ட எட்ஸி நிறுவனம், கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தை. அங்கே ஒரு வேடிக்கையான பரிசு இருந்தது. மூன்று கைகள் வைத்துப் பின்னிய ஸ்வெட்டர்! யாரும் எதிர்பாராத விதத்தில், தெரியாமல் தளத்தைக் கெடுத்துவிட்ட ஊழியருக்கு அது கிடைக்கும். கேலி செய்வதற்கு அல்ல. இப்படியும் கெடலாம் என்று நிறுவனத்துக்கே கற்றுக்கொடுத்ததற்காக. தவறு நடந்தால் 'யார் செய்தது?' என்று விசாரிக்காமல், 'அந்த நேரத்தில் அவருக்கு அது ஏன் சரியென்று தோன்றியது?' என்று கேட்கும் வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார்கள்.

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜி.பி. தகவல்களை அழித்துவிட்டார். அவர் கை நிறுத்தியபோது மிச்சமிருந்தது நாலரை ஜி.பி. மட்டும். பேக்-அப் எடுத்து வைக்க அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. பேக்-அப் தோல்வி அடைகிறது என்று சொல்ல வேண்டிய இமெயில்கள் போய்ச் சேரவே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கடைசியில் காப்பாற்றியது ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு பிரதி. அதை எடுத்தவரும் அதே ஊழியர்தான்!

கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூ-டியூபில் நேரலையாகவே காட்டியது. பிறகு என்னென்ன ஏற்பாடுகள் பிசகின, எதை எப்படி மாற்றப் போகிறோம் என்று விரிவாக எழுதி வெளியிட்டது. ஒரு கை தவறியதற்கும் ஐந்து பேக்-அப் செத்துக் கிடந்ததற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கையை மட்டும் தண்டித்திருந்தால், ஐந்தும் அப்படியே செத்துக் கிடந்திருக்கும்.

பெயர் இல்லாத ஊழியர்

நைட் கேப்பிட்டல் விவகாரத்தை அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரித்தது. 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில், எட்டாவது சர்வரை விட்டுவிட்ட ஊழியரின் பெயர் இல்லை. 'ஒரு ஊழியர்' என்று மட்டுமே இருக்கிறது. இன்னொருவர் சரிபார்க்கவில்லை, சரிபார்க்கச் சொல்லும் எழுத்துபூர்வமான நடைமுறையும் இல்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அன்று அவர் இடத்தில் எவ்வளவு கெட்டிக்காரர் இருந்திருந்தாலும், இன்றில்லாவிட்டால் நாளை ஒரு சர்வரை மறந்திருப்பார். மனிதர் என்றால் மறப்பார். 'இனிமேல் கவனமா இரு' என்று அவரிடம் சொல்வது சுலபம். மறந்தாலும் ஒன்றும் ஆகாதபடி வேலையை அமைப்பது கஷ்டம். ஆனால் இரண்டாவது வழியில்தான் ஒரு நிறுவனம் நான்கு பேரிலிருந்து நாற்பது, நானூறு என்று தைரியமாக வளர முடியும். அங்கே வேலை செய்கிறவர்களும் ரிலீஸ் நாளன்று நேரத்துக்கு வீடு வந்து சாப்பிட முடியும்.